செயற்கைக்கோள் படங்களின் இலவசக் காப்பகங்கள்

செயற்கைக்கோள்கள் எடுத்த புவிப் படங்களையும் தொலையுணர்வுத் தரவுகளையும் எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ள வழிசெய்யும் இணையத் தொகுப்புகள் இலவசப் படக் காப்பகங்கள் ஆகும். கடலூர் மாவட்டத்தின் ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துக்கு இவை ஒரு வகை நில வரலாறு. வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்ததும், தென்கிழக்கே வீராணம் ஏரி நிறைந்து வற்றுவதும் இவற்றில் பதிவாகியுள்ளன.

விலைக்கு விற்ற காலம்

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972 சூலை 23இல் ஏவப்பட்டது. இந்தியா 1979இல் ஐதராபாத் அருகேயுள்ள சாத்நகரில் தரைநிலையம் அமைத்து அதன் தரவுகளைப் பெறத் தொடங்கியது. 1988 மார்ச் 17இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ விண்ணுக்குச் சென்றது. ஆனால் படங்கள் விலைக்கே கிடைத்தன. லேண்ட்சாட் விற்பனை தனியாரிடம் இருந்த காலத்தில் ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. தம் ஊரின் படம் இருந்தும், உழவரோ உள்ளூர் ஆசிரியரோ அதைப் பார்க்க வழியில்லை.

திறந்த கதவு

2008இல் அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை லேண்ட்சாட் தொகுப்பை இலவசமாக்கியது. அதனால் 1972 முதலான பழைய படங்களும் பொதுமக்களுக்குக் கிடைத்தன. 2009 ஆகத்து 12இல் இஸ்ரோ 'புவன்' தளத்தைத் தொடங்கியது. ஐரோப்பாவின் சென்டினல்-1 2014 முதலும், சென்டினல்-2 2015 முதலும் இலவசப் படங்களை வழங்குகின்றன. 5 மீட்டரும் அதற்குக் குறைந்த தெளிவும் கொண்ட அரசுத் தரவுகள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என இந்திய விண்வெளிக் கொள்கை 2023 கூறுகிறது. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் 'பூநிதி' தளம் வழியாகத் தரவுகளை வழங்குகிறது.

பயனும் எல்லையும்

1982 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம். ஓர் ஏக்கர் நிலம் அதில் நான்கரைப் புள்ளிகளே. சென்டினல்-2 படத்தில் அதே நிலம் ஏறத்தாழ நாற்பது புள்ளிகளாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையின்போது மேகம் நிலத்தை மறைத்துவிடும். சென்டினல்-1இன் ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவதால், வெள்ளாற்றுப் படுகையில் வெள்ளம் தேங்கிய இடங்களை மழைக்காலத்திலும் வரையலாம்.

எந்த ஆண்டில் வயல் சுரங்கமாயிற்று, எந்த ஏரி சுருங்கிற்று என்பதைப் படங்களை ஒப்பிட்டு அறியலாம். நிலம் யாருக்குரியது என்பதை அவை சொல்வதில்லை. அதற்கு நில ஆவணங்களே சான்று. ஆயினும் நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்ற வாதத்தில், முன்பு அலுவலகங்களிடம் மட்டுமே இருந்த படச்சான்று இன்று ஊர் மக்களுக்கும் எட்டும் தொலைவில் உள்ளது.