தோட்டப் பாடசாலையும் 32 சதமும்

மலையகத் தோட்டங்களிலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமைக்குப் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று கூறுவோர் பலர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பழைய சட்டங்களைப் புரட்டிப் பார்ப்பின் வேறொரு காரணம் தென்படும்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டங்களிலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கியது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமோ, 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது எனத் தடுத்தது. நல்ல காரியந்தான்! ஆயின் 10 வயது நிரம்பியதும் நேர்ந்தது யாது? பாடசாலை கைவிட்ட அதே வயதிலே மலை வேலை பிள்ளையை ஏற்றுக்கொண்டது. 1929இல் உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தகப்பன் கூலியிற் பாதிக்கும் மேற்பட்ட தொகை அது. கடையிலும் கங்காணியிடத்தும் கடன்பட்டிருந்த குடும்பம் அதனை விட்டுக்கொடுக்குமா? அசட்டை என்போர் இதற்கு விடை கூறட்டும்.

சரி, 10 வயதுக்குட்பட்டோருக்கேனும் பாடசாலை ஒழுங்காகக் கிடைத்ததா? பல தோட்டங்களில் ஒரே அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் அவருடையவை. விடியற்காலையில் தாய் பெரட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையிலே விழுந்தது. பிள்ளைக் காம்பரா சரிவர நடவாத தோட்டங்களில் அவளுக்குப் பாடசாலை என்பது எட்டாக்கனியே. ஆண்பிள்ளைகளினும் பெண்பிள்ளைகள் பின்தங்கியமைக்கு இது பெருங்காரணம் என்பது நம் எண்ணம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஆனால் தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் 5ஆம் வகுப்புடன் நின்றன. லயத்துப் பிள்ளைக்குக் கல்லூரி வாசல் வரை செல்ல வழியில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் பெற்றோரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். வாக்கில்லாதவருக்காகப் பாடசாலை கேட்கப் பாராளுமன்றத்தில் யார் எழுந்து நிற்பார்? 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அப்பாடசாலைகள் படிப்படியாகக் கல்வி அமைச்சின்கீழ் வந்தன. 1907இல் 6 வயதுப் பிள்ளையாயிருந்தவர் அதற்குள் 75 வயதைக் கடந்துவிட்டார்.