அறிவியலாளர்கள் உயிரித்தொழில்நுட்ப வணிகத்துறைக்கு மாறுதல்

பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வு நிறுவனங்களிலும் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவர்கள், மருந்து, தடுப்பூசி, நோயறி கருவி, நொதி, விதை முதலியவற்றை உருவாக்கி விற்கும் நிறுவனங்களில் வணிகம் சார்ந்த பொறுப்புகளை ஏற்பதும், தாமே அத்தகைய நிறுவனங்களைத் தொடங்குவதும் இக்கட்டுரையின் பொருளாகும். தொடக்கத்தில் தனிமனிதர்களின் துணிச்சலாலும் தற்செயலாக வாய்த்த அறிமுகங்களாலும் நிகழ்ந்த இம்மாற்றம், 1980-க்குப் பின் சட்டம், பொதுநிதி, பயிற்சி ஆகிய மூன்றின் துணையுடன் ஒழுங்கமைந்த ஒரு பணிவழியாக வளர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதலில் உருப்பெற்ற இவ்வழி, பின்னர் பிரிட்டனிலும் இந்தியாவிலும் அந்நாடுகளின் சூழலுக்கேற்ற வடிவங்களை எடுத்தது. அறிவியல் அறிவு நிறைந்திருப்பதால் மட்டும் இம்மாற்றம் எளிதாகிவிடுவதில்லை. சான்றை எடைபோடும் அளவுகோலும் முடிவெடுக்கும் முறையும் இரு துறைகளுக்கும் வேறுபடுவதால், அந்த வேறுபாட்டைக் கற்பிப்பதே உதவித் திட்டங்கள் பலவற்றின் மையப் பணியாக உள்ளது.

வரலாறு

1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹெனும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பாயரும், ஓர் உயிரியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கும் முறையை வெளியிட்டனர். மறுசேர்க்கை டி.என்.ஏ. எனப்படும் இம்முறையின் வணிகப் பயனை உணர்ந்த இளம் முதலீட்டாளர் ராபர்ட் ஸ்வான்சன் பாயரைத் தேடிச் சென்று பேசியதன் விளைவாக, 1976-இல் இருவரும் ஜெனன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினர். 1978-இல் அந்நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் பாக்டீரியாவில் மனித இன்சுலினை உருவாக்கினர்; 1980-இல் அதன் பங்குகள் பொதுச்சந்தைக்கு வந்தன; எலி லில்லி நிறுவனம் உற்பத்தி செய்த அந்த இன்சுலினுக்கு 1982-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது.

பேராசிரியர் ஒருவர் தம் பதவியில் இருந்தபடியே நிறுவனம் தொடங்கலாம் என்பதற்குப் பாயர் முன்மாதிரியானார் என்றால், பதவியைத் துறந்து நிறுவனத் தலைமையை ஏற்றவர்களுக்கு வால்ட்டர் கில்பர்ட் எடுத்துக்காட்டாவார். 1978-இல் உருவான பயோஜென் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரும் 1980-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான அவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை விட்டு விலகி அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராகச் சில ஆண்டுகள் பணியாற்றியபின், அப்பொறுப்பிலிருந்து நீங்கி மீண்டும் ஹார்வர்டுக்கே திரும்பினார்.

இவ்வழியை நிலைப்படுத்தியவை 1980-ஐ ஒட்டி வந்த சட்ட மாற்றங்களாகும். அவ்வாண்டு ஜூனில், எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் வழக்கில், மனிதர் உருவாக்கிய உயிரிக்கும் காப்புரிமை உண்டு என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் நிறைவேறிய பே-டோல் சட்டம், அரசு நிதியால் நடந்த ஆராய்ச்சியில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொண்டு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க வழிசெய்தது. கூட்டரசு முகமைகள் தம் ஆராய்ச்சி நிதியில் ஒரு பகுதியைச் சிறுநிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என 1982-இல் வந்த சட்டம் பணித்ததால், தனியார் முதலீடு கிட்டுமுன்பே ஓர் ஆய்வாளர் தம் கருத்தைச் சோதித்துப் பார்க்கப் பொதுநிதி கிடைத்தது.

மாற்றத்திற்கான காரணங்கள்

பேராசிரியர் பணியிடங்கள் பெருகிய வேகத்தைவிட முனைவர் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கை விரைவாகப் பெருகியதே முதன்மைக் காரணமாகும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் உயிர்மருத்துவ ஆய்வுப் பணியாளர்களைப் பற்றி அமைத்த குழு 2012-இல் அளித்த அறிக்கையின்படி, அந்நாட்டில் பயின்ற உயிர்மருத்துவ முனைவர்களில் நிரந்தரப் பேராசிரியர் பதவியிலோ அதற்கு இட்டுச்செல்லும் பதவியிலோ இருந்தோரின் பங்கு, 1993-இல் 34 விழுக்காடாக இருந்து 26 விழுக்காடாகக் குறைந்திருந்தது. முனைவர் பட்டத்திற்குப் பின் மூத்த ஆய்வாளர் ஒருவரின் கீழ்த் தற்காலிகமாகப் பணிபுரியும் போஸ்ட்டாக் காலம், முன்பு பேராசிரியர் பதவிக்கான குறுகிய முன்கட்டமாக இருந்தது. பணியிடங்கள் அருகியபின் அது பலருக்கு நீண்ட காத்திருப்பாக மாறியது. அதே காலத்தில், அறிவியலை உள்ளிருந்து அறிந்து, அதனை முதலீட்டாளருக்கும் அரசு ஒழுங்குமுறையாளருக்கும் விளக்கவல்ல ஆட்களின் தேவை நிறுவனங்களில் வளர்ந்தது.

பணிவகைகள்

வணிகத்துறைக்கு மாறுவோர் அனைவரும் நிறுவனம் தொடங்குவதில்லை. பெரும்பாலோர் ஏற்கனவே இயங்கும் நிறுவனங்களிலும் அவற்றுக்குத் துணைநிற்கும் தொழில்களிலும் சேர்கின்றனர். வணிக மேம்பாட்டுப் பிரிவினர் பிற நிறுவனங்களின் அல்லது பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்புகளைத் தேடி மதிப்பிட்டு, உரிம ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கின்றனர். ஒழுங்குமுறைப் பிரிவினர், ஒரு மருந்தின் பாதுகாப்பையும் பயனையும் நிறுவும் ஆவணங்களைத் தொகுத்து அரசு அமைப்புகளிடம் ஒப்புதல் பெறுகின்றனர். மருத்துவ அறிவியல் தொடர்பாளர்கள், விற்பனைப் பொறுப்பின்றி, மருத்துவ வல்லுநர்களுடன் மருந்தின் அறிவியல் தரவுகளைப் பற்றி உரையாடுகின்றனர். துணிகர முதலீடு, அதாவது தோல்வியடையும் வாய்ப்பு மிகுந்த இளம் நிறுவனங்களில் பங்குக்கு ஈடாகப் பணமிடும் தொழில், தன்னிடம் வரும் திட்டங்களின் அறிவியல் அடிப்படையைச் சரிபார்க்க முனைவர்களை அமர்த்துகிறது. காப்புரிமை முகவர் பணிக்கு அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சட்டப் பட்டம் கட்டாயமன்று. அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்துடன் உரிய தகுதித்தேர்வில் வென்றால் போதும் என்பதால், ஆய்வகத்திலிருந்து நேரடியாகச் செல்லக்கூடிய பணிகளுள் அது குறிப்பிடத்தக்கது.

அளவுகோல்களின் வேறுபாடு

கல்வித்துறையில் ஒரு முடிவு புதியது என்பதும், தேர்ந்த ஆய்விதழில் வெளிவந்தது என்பதும் அதற்கு மதிப்பளிக்கின்றன. நிறுவனத்தில் அம்முடிவு வேறொருவர் கையிலும் வேறோர் ஆய்வகத்திலும் மாறாமல் திரும்ப வருமா என்பதே முதல் கேள்வியாகிறது. ஆம்ஜென் நிறுவனத்தில் பணியாற்றிய சி. கிளென் பெக்லி, லீ எல்லிஸுடன் இணைந்து 2012-இல் எழுதிய கட்டுரையில், புற்றுநோய் ஆராய்ச்சியில் முதன்மையானவையாகக் கருதப்பட்ட 53 ஆய்வுகளில் ஆறின் முடிவுகளை மட்டுமே நிறுவனத்தால் உறுதிப்படுத்த முடிந்தது என்று தெரிவித்தமை, இந்த இடைவெளியின் அளவைப் பரவலாக உணர்த்தியது.

வெளியீட்டைப் பற்றிய பார்வையும் இவ்வாறே மாறுபடுகிறது. காப்புரிமை விண்ணப்பத்திற்கு முன் ஆய்வு முடிவை வெளியிட்டால், பெரும்பாலான நாடுகளில் அது புதியது என்னும் தகுதியை இழந்துவிடும். கோஹெனும் பாயரும் தம் கட்டுரையை 1973 நவம்பரில் வெளியிட்டிருந்தனர். ஸ்டான்ஃபோர்டின் உரிமவழங்கு அலுவலகத்தைத் தொடங்கிய நீல்ஸ் ரைமர்ஸ் முயன்று, அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டுச் சலுகைக்காலம் முடியும் தறுவாயில் 1974 நவம்பரில் விண்ணப்பம் செய்யப்பட்டது. அதனால் அமெரிக்காவில் உரிமை கிடைத்தது. வெளிநாட்டு உரிமைகள் கைநழுவின. ஆயினும், 1997-இல் காலாவதியாகும் வரை அக்காப்புரிமைகள் 468 நிறுவனங்களுக்கு உரிமமாக வழங்கப்பட்டு, ஏறத்தாழ 25.5 கோடி டாலர் வருவாயை ஈட்டின.

மூன்றாவது வேறுபாடு, ஆய்வைக் கைவிடுவது பற்றியது. கல்வித்துறையில் ஒரு கேள்வியைப் பல்லாண்டுகள் தொடர்வது பெருமையாகக் கருதப்படுகிறது. நிறுவனமோ, அடுத்த கட்டச் சோதனைக்கு ஆகும் பெருஞ்செலவை முன்னிட்டு, எந்தத் தரவு கிடைத்தால் திட்டத்தைத் தொடர்வது, எது கிடைத்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்கிறது. நன்றாக நடந்த ஆய்வும் சந்தையின் அளவு, போட்டி மருந்து, நிதிநிலை முதலிய காரணங்களால் நிறுத்தப்படலாம் என்பதைப் புதிதாக வருவோர் ஏற்கப் பழக வேண்டியுள்ளது.

உதவித் திட்டங்கள்

இம்மாற்றத்திற்கு உதவும் திட்டங்களை, பட்டப் படிப்பு, செயல்வழிப் பயிற்சி, பணிவாழ்வு வழிகாட்டல் என மூவகையாகப் பிரிக்கலாம். கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் 1997-இல் நிறுவப்பட்ட கெக் பட்டமேற்படிப்பு நிறுவனம், உயிரியலையும் மேலாண்மையையும் இணைத்து முதுநிலைப் படிப்பை வழங்கியதோடு, முனைவர் பட்டம் பெற்றோருக்கென வணிகம் சார்ந்த தனி முதுநிலைப் படிப்பையும் ஏற்படுத்தியது.

செயல்வழிப் பயிற்சிகளில், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கோர் திட்டம் பரவலாக அறியப்பட்டது. ஸ்டீவ் பிளாங்க் ஸ்டான்ஃபோர்டில் வகுத்த பாடமுறையைத் தழுவிய இதில், பேராசிரியர், இளம் ஆய்வாளர், தொழில்துறை வழிகாட்டி ஆகியோர் ஒரு குழுவாகச் சேர்ந்து, சில வார காலத்தில் குறைந்தது நூறு வாடிக்கையாளர்களையோ வாடிக்கையாளராகக்கூடியவர்களையோ நேரில் கண்டு, தம் கண்டுபிடிப்பு எவருடைய சிக்கலையேனும் தீர்க்கிறதா என்று விசாரித்தறிய வேண்டும். டேரியா மொக்லி-ரோசன் 2006-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஸ்பார்க் திட்டத்தில், மருந்துத்துறையில் அனுபவம் பெற்ற ஆலோசகர்கள் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களுக்குத் தன்னார்வமாக வழிகாட்டுகின்றனர். பிரிட்டனில் 1990-களின் நடுப்பகுதியில் பயோடெக்னாலஜி யெஸ் என்னும் பெயரில் தொடங்கிய போட்டி, ஆய்வு மாணவர்களையும் போஸ்ட்டாக்குகளையும் ஒரு கற்பனை நிறுவனத்திற்கான வணிகத் திட்டத்தை வகுத்து, முதலீட்டாளர் இடத்தில் அமரும் நடுவர்கள்முன் வாதிட வைக்கிறது.

பணிவாழ்வு வழிகாட்டலில், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2013 முதல் பெஸ்ட் என்னும் பெயரில் 17 கல்வி நிறுவனங்களுக்கு நிதியளித்து, ஆய்வு மாணவர்கள் ஆய்வகத்திற்கு வெளியேயுள்ள பணிகளை நேரில் அறியும் வாய்ப்புகளைச் சோதனை முறையில் உருவாக்கியது. 2012-இல் வெளிவந்த மைஐடிபி என்னும் இணையக் கருவி, ஒருவரின் திறன், ஆர்வம், விழுமியம் ஆகியவற்றை மதிப்பிட்டுப் பொருத்தமான பணிவகைகளைச் சுட்டுகிறது.

இந்தியாவில்

இந்திய அரசு 1986-இல் உயிரித்தொழில்நுட்பத் துறையை அமைத்தபோது ஆராய்ச்சிக்கும் மனிதவளப் பயிற்சிக்குமே முதன்மை இருந்தது; சிறுநிறுவனங்களின் ஆய்வுக்கு நிதியளிக்கும் திட்டம் 2005-இல் வந்தது. 2009-இல் அறிவியல் மற்றும் தொழில்துறை ஆய்வு மன்றம் அறிவித்த கொள்கை, அரசு ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் பணியில் இருந்தபடியே அறிவுசார் நிறுவனங்களில் பங்கு வைத்திருக்க இடமளித்தது. பே-டோல் சட்டத்தை ஒத்த மசோதா 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகமாயினும், பல ஆண்டு விவாதத்திற்குப்பின் சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. எனவே இந்தியாவில் இம்மாற்றத்திற்குத் துணைநின்றது சட்டத்தைவிட நிதியுதவியே எனலாம்.

2012-இல் உருவான பைராக் என்னும் இலாப நோக்கற்ற பொதுத்துறை நிறுவனம், பிக் எனப்படும் நிதித் திட்டத்தின்கீழ், கருத்தளவில் உள்ள கண்டுபிடிப்பைச் சோதித்து நிறுவ 18 மாதங்களுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஆய்வகமும் கருவிகளும் ஆலோசனையும் ஒருங்கே தரும் இன்குபேட்டர் மையங்களையும் அது நாடெங்கும் ஆதரிக்கிறது. பெங்களூருவில் 2009-இல் தொடங்கிய சி-கேம்ப் இவ்வகையில் முன்னணியில் உள்ளது. சென்னைத் தரமணியில் டைசல் உயிரியல் பூங்காவும், சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கென அமைந்த உயிரித்தொழில்நுட்பப் பூங்காவும் இயங்குகின்றன.

இத்திட்டங்களுக்கு முன்பே வழியமைத்துக்கொண்டவர்களும் உண்டு. திருத்தணிப் பகுதியில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, தென் கரோலைனா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிருஷ்ணா எல்லா, தம் மனைவி சுசித்ரா எல்லாவுடன் 1996-இல் ஐதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வர் 2000-இல் பெங்களூருவில் ஸ்டிராண்ட் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கினர்.

விமர்சனங்களும் தடைகளும்

ஆராய்ச்சியின் சுதந்திரம் வணிக நலனுக்கு அடிமைப்படும் என்னும் அச்சம் தொடக்கத்திலேயே எழுந்தது. 1980-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் பேராசிரியர் ஒருவரின் மரபணுப் பொறியியல் நிறுவனத்தில் பங்கேற்க எண்ணியபோது ஆசிரியர்களிடையே எழுந்த எதிர்ப்பால் அத்திட்டத்தைக் கைவிட்டது. பேராசிரியரின் நிறுவனத்திற்குப் பயன்படும் வேலையில் மாணவர்களை ஈடுபடுத்துவது, முதலீட்டாளர் நலனுக்காக வெளியீட்டைத் தாமதப்படுத்துவது போன்ற முரண்களைத் தடுக்கப் பல்கலைக்கழகங்கள் நலமுரண் விதிகளை வகுத்துள்ளன.

பயிற்சியால் மட்டும் நீங்காத தடைகளும் உள்ளன. வெளியீடுகளில் இடைவெளி விழுவதால் கல்வித்துறைக்குத் திரும்புவது பலருக்கு அரிதாகிறது. அமெரிக்காவில் பணிபுரியும் இந்தியர் உள்ளிட்ட வெளிநாட்டு ஆய்வாளர்களைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகம் வழியாகப் பெறும் ஹெச்-1பி என்னும் பணி விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் அதே விசாவுக்கு உண்டு; விண்ணப்பங்கள் வரம்பை மீறினால் குலுக்கலில் தேர்வு நடக்கிறது. ஆகவே தகுதியும் விருப்பமும் இருந்தும், குலுக்கல் முடிவுக்காகக் காத்திருக்க நேர்கிறது. தொடக்க நிலை நிறுவனத்தில் குறைந்த ஊதியத்தையும் நிச்சயமின்மையையும் தாங்கும் பொருளாதார வலு எல்லாருக்கும் இல்லாமையால், பயிற்சி பரவலாகக் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு சமமாக அமைவதில்லை. இந்தியாவின் பிக் போன்ற தொடக்கநிலை நிதி உதவிகளின் முக்கியத்துவம், முதலீட்டாளரோ குடும்பச் சேமிப்போ இல்லாத ஆய்வாளரும் தம் கருத்தைச் சோதித்துப் பார்க்க அவை இடமளிப்பதில் உள்ளது.