எழுபத்தாறில் ஒரு பங்கு

பொம்மை ரயிலைப் பாராதவர் அரியர். சாவி முடுக்கியதும் வட்டமான தகரத் தண்டவாளத்தின் மேல் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுபோகும் அந்த ரயிலைப் பார்த்து, அதன் சக்கரம் சரியான அளவுதானா, புகைபோக்கி இத்தனை உயரம் இருக்கலாமா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வளர்ந்த மனிதர் சிலர் அப்படிக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெரும்பாலும் இது இங்கிலாந்தில் நடந்த கதை. இறுதியில் நம்மூர் ரயில் நிலையங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் மெர்க்லின் கம்பெனியார் தங்கள் பொம்மை ரயில்களைக் காட்சிக்கு வைத்தார்கள். தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலத்தை இவ்வளவு என்று நிர்ணயித்து, அந்த அகலங்களுக்கு எண்களும் இட்டார்கள். ஒரு பெட்டியில் வாங்கிய தண்டவாளத்தில் அடுத்த ஆண்டு வாங்கும் வண்டியும் ஓடவேண்டும் என்ற வியாபார நோக்கமே இதற்குக் காரணம். ஒன்றாம் எண் அகலம் 45 மில்லிமீட்டர். பின்னர் அதனினும் சிறியது தேவைப்பட்டபோது, ஒன்றுக்குக் கீழே எண் இல்லாமையால் பூஜ்யம் என்றே பெயர் வைத்தார்கள். அதன் அகலம் 32 மில்லிமீட்டர். வீடுகள் சிறுத்தன, அறைகளும் சிறுத்தன. பூஜ்யத்திலும் பாதி வேண்டுமென்று மக்கள் கேட்கலாயினர். இவ்வாறு பிறந்ததே 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மேஜை ரயில். உண்மை ரயிலின் ஒவ்வோர் அடிக்கும் மூன்றரை மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலும் வழங்கும் 4 அடி 8½ அங்குலப் பாதையை இவ்விகிதத்தில் சுருக்கினால் சரியாக 16.5 மில்லிமீட்டர்தான் வரும். அதுவரை கணக்கில் பிழையில்லை.

பிழை இங்கிலாந்தில் நேர்ந்தது. அந்நாட்டு என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிட உடல் குறுகியவை; ஆதியில் கட்டிய பாலங்களும் சுரங்கங்களும் அவற்றுக்கு அவ்வளவே இடம் விட்டன. மூன்றரை மில்லிமீட்டர் விகிதத்தில் ஓர் ஆங்கிலேய என்ஜினைச் செய்தால், அக்காலத்து மின்சார மோட்டார் அதன் வயிற்றுக்குள் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தைப் பழைய 16.5-லேயே விட்டுவிட்டார்கள். 4 மில்லிமீட்டர் விகிதப்படி பாதை 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். 16.5 என்றால் உண்மைப் பாதையின் அகலம் 4 அடி 1½ அங்குலம் என்றாகிறது. ஏழு அங்குலம் குறைவு! 1938-இல் ஹார்ன்பி டப்லோ என்னும் பெயருடன் கடைக்கு வந்த ரயில்கள் இந்தப் பிழையை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்றும் பிரிட்டனில் கடையில் விற்கும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை இவ்வாறே இருக்கின்றன.

ஏழு அங்குலத்துக்கு இத்தனை சச்சரவா என்று தோன்றலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. என்ஜினை எதிரே நின்று பார்த்தால்தான், பருத்த மனிதர் ஒருவர் கால்களை நெருக்கிவைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அதைக் கண்டு மனம் பொறாதவர்கள் பாதையை 18 மில்லிமீட்டராக அகட்டினார்கள். அதுவும் போதாதென்று 1966-இல் ஒரு குழுவினர் 18.83 என்ற முழுக்கணக்கையே கைக்கொண்டனர். சக்கரத்தின் விளிம்பு, தண்டவாளங்கள் பிரியுமிடத்தில் விடும் இடைவெளி ஆகிய எல்லாவற்றையும் அதே விகிதத்தில் சுருக்கினார்கள். விளிம்பு மெலிய மெலிய வண்டி எளிதில் தடம்புரளும். எனவே தண்டவாளம் இடுவதும் சக்கரங்களைப் பொருத்துவதும் கடிகாரக்காரரின் வேலையைப்போல் நுண்மையாகிவிட்டன.

4 மில்லிமீட்டர் விகிதம் என்பது ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. இதைச் சில கணக்குகளால் விளக்கினால் வேலையின் தன்மை புலப்படும். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள மனிதன் 23 மில்லிமீட்டர் நிற்பான். ஒன்பது அங்குலச் செங்கல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு மைல் தூரமோ 21 மீட்டருக்குச் சற்று மேல்; அதற்கு இடங்கொடுக்கும் வீடு எது? ஆகவே வீட்டையும் வண்டியையும் அளவு தவறாமல் செய்பவரும் தூரத்தைச் சுருக்கியே தீரவேண்டும். எடையோ வேறு விதமாகக் குறைகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், 80 டன் என்ஜின் இவ்விகிதத்தில் 200 கிராமுக்கும் குறைவாகிவிடும். வர்ணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. உண்மை என்ஜினுக்குப் பூசும் அதே பச்சையை மாதிரிக்குப் பூசினால் கண்ணை உறுத்தும். தொலைவில் நிற்கும் பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றினால் சற்றே வெளிறித் தோன்றுவது இயல்பு. மாதிரியையும் அவ்வாறே வெளிறச் செய்யவேண்டும். அளவுகோலைக் கொண்டு அளக்க முடியாத அளவும் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன். ராய் இங்கிலண்ட் என்பது அவர் பெயர். நாட்டின் பெயரே அவருக்குக் குடும்பப் பெயராக அமைந்தது. ஆனால் அவர் பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-இல் இளைஞராக இங்கிலாந்து வந்தார். ரயில்களில், அதிலும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில், அவருக்கு அளவிறந்த பற்று. அந்த ரயில்வேயின் லண்டன் பாதை, ஸ்விண்டனுக்குக் கிழக்கே வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்னும் சமவெளியினூடே செல்கிறது. குன்றின் சரிவில் வெண்சுண்ணத்தால் ஆக்கிய, சுமார் மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள குதிரை உருவம் ஒன்று அங்கே இருப்பதால் அந்தப் பெயர். அதன் அடியில் வைக்கோல் கூரையும் சுண்ணக்கல் சுவருமாகச் சிற்றூர்கள் இருந்தன.

ராய் அங்கே குடியிருந்த காலத்தில் அவ்வூர்கள் மாறத் தொடங்கின. வைக்கோல் கூரை இருந்த இடத்தில் கல்நார்த் தகடு ஏறியது. பழைய சுவரை இடித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிதாகப் படவில்லை. கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்ததில் தவறும் இல்லை. கடல் கடந்து வந்தவருக்கே அது இழப்பாகத் தோன்றியது. தடுக்க அவரால் இயலாது. பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. எனவே அவ்வீடுகளை அளந்து, எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்துவைப்பதென்று தீர்மானித்தார்.

அதன்பின் அவர் வாழ்க்கை முழுவதும் அதற்கே ஆயிற்று. சுவரை அட்டையில் வெட்டினார். கற்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு, நீர்வர்ணத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டினார். பக்கத்துப் பக்கத்துக் கற்கள் ஒரே நிறமாய் இருப்பதில்லை அல்லவா? குழாய் இணைப்புகளில் சுற்றும் சணல் நாரைக் கொண்டு கூரை வேய்ந்தார். சன்னலுக்குள் மேஜை நாற்காலியும் வைத்தார். தோட்டத்துச் செடிகளைப் பூவும் இலையுமாகச் செய்தார். ஒரு வீட்டை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆவதும் உண்டு. 1954-இல் அபிங்டன் நகருக்கு அருகே லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் பெண்டன் காட்சிசாலை தோன்றியது. ஒத்த மனமுள்ள பலர் வந்து சேர்ந்தார்கள். கய் வில்லியம்ஸ் என்பவர் என்ஜின்களைச் செய்து தந்தார். ராய் 1995-இல் மறைந்தார். அவர் தொடங்கிய வேலையைத் தன்னார்வத் தொண்டர்கள் இன்றும் தொடர்ந்து செய்து வருகிறார்கள்.

அதே காட்சிசாலையில் இன்னொருவரின் படைப்பும் இருக்கிறது. 1961-இல் காலமான ஜான் ஏஹர்ன் 1930-களில் தொடங்கிய 'மேடர் பள்ளத்தாக்கு' அது. ரயிலைத் தனியே ஓடவிடாமல், ஊரும் கடைத்தெருவும் துறைமுகமும் உள்ள முழு நிலக்காட்சியின் நடுவே ஓடவிட்ட முன்னோடி அவர். அவர் பள்ளத்தாக்கு முற்றிலும் கற்பனை. பல திசைகளிலும் கண்ட கட்டடங்களை அதில் தம் விருப்பம்போல் அமைத்துக்கொண்டார்.

ஏஹர்ன் கற்பனை செய்தார், ராய் உள்ளதை உள்ளவாறே செய்தார் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையன்று. ராயின் ஊருக்குப் 'பெண்டன் பார்வா' என்று பெயர். அப்படியோர் ஊர் வரைபடத்தில் இல்லை. வீடு ஒவ்வொன்றும் உண்மை. அவை அருகருகே நிற்பது கற்பனை. பல ஊர்களில் கண்ட வீடுகளை ஓர் ஊராகச் சேர்த்தார். அங்குள்ள பாதையின் அகலமும் 18 மில்லிமீட்டர்தான், 18.83 அன்று. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். சொல்லின் அளவைக் காக்க வேண்டிய இடமும், வாக்கியத்தின் வரிசையை மாற்றியே தீரவேண்டிய இடமும் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. எங்கே மாற்றினோம் என்பதை மறைக்காதிருந்தால் போதும். பெண்டனில் அதை மறைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம்முடைய ரயில் நிலையங்களின் நினைவு வருகிறது. நம் நாட்டு அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். 4 மில்லிமீட்டர் விகிதத்தில் அது மிகச் சரியாக 22 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் பாதை எதுவும் இதற்குப் பொருந்தாது. எழும்பூரிலிருந்து தெற்கே தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் சென்றது மீட்டர் கேஜ் பாதை. அதற்கு 13 மில்லிமீட்டர் வேண்டும். மூன்றரை மில்லிமீட்டர் விகிதத்தைக் கொண்டால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களைச் செய்வோருக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறைய ஒத்துவரும்.

ஆனால் தண்டவாளத்தை வாங்கிவிடலாம். நிலையத்தின் அளவுகளை எங்கே வாங்குவது? 1992-இல் எல்லாப் பாதைகளையும் ஓரே அகலமாக்கும் திட்டம் தொடங்கியது. 1931 முதல் மின்சாரத்தில் ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டி 2004-இல் நின்றது. நீலகிரி மலைப்பாதை எஞ்சியிருக்கிறது. மற்றப் பாதைகளில் ஓட்டுக்கூரையிட்ட சிறு நிலையங்கள் பலவற்றை அகலப் பாதை வந்தபோது இடித்தார்கள். அது வேண்டாத மாற்றம் என்று சொல்லமாட்டேன். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நாம் வண்டி மாறாமல் ஊர்போய்ச் சேருவது அதனால்தான். எனினும் உள்ளூரில் இருப்பவர் கண்ணுக்குத் தப்புவது, ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்குச் செல்பவர் கண்ணில் படும். ராய்க்கும் அந்தக் கண்தான் இருந்தது.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பழைய நிலையக் கட்டடம் இன்னும் நின்றால், நிலைய அதிகாரியிடம் சொல்லிவிட்டு அளந்து வரலாம். முழுச் சுவரையும் அளக்க வேண்டியதில்லை. பத்து வரிசைச் செங்கல்லின் உயரத்தை அளந்துகொண்டு மீதி வரிசைகளை எண்ணினால் போதும். அடிக்கணக்குக் குறித்த ஒரு கோலைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி, நேர் எதிரே நின்று படமெடுத்தால் சன்னலும் கதவும் அந்தக் கோலாலேயே அளவாகிவிடும். கட்டடம் போய்விட்டதென்றால், வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்க்கவேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர்களை வழியனுப்பியபோது பிளாட்பாரத்தில் எடுத்த படமாயினும் சரி. அதில் தண்டவாளம் குறுக்கே தெரிந்தால் அதுவே அளவுகோல்: இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே மிகச் சரியாக ஒரு மீட்டர். அந்தத் தொலைவில் நிற்கும் பொருள்களுக்கு மட்டுமே அந்த அளவு செல்லும். முன்னே நிற்கும் மாமாவை அதனால் அளக்கக் கூடாது.