சூசன்னாவை நோக்கிய கண்கள்

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் வாசிக்கப்பெறும் சூசன்னாவின் வரலாறு நமக்குப் புதிதன்று. தோட்டத்தில் நீராட வந்த இறைப்பற்றுள்ள பெண். மறைந்திருந்து நோக்கிய முதியோர் இருவர். இணங்க மறுத்தமையால் அவள்மீது சுமத்தப்பட்ட விபசாரப் பழி. இளைஞர் தானியேலின் விசாரணையால் வெளிப்பட்ட உண்மை. இந்த ஒரே வரலாற்றைக் கலைஞர்கள் தீட்டிய விதங்களை ஒப்பிட்டு நோக்கின், பெண்ணைக் காணும் நம் பார்வையே சோதனைக்கு உள்ளாகிறது.

உரோமை நகரின் பிரெத்தெக்ஸ்தாத்துஸ் சுரங்கக் கல்லறையில் நான்காம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று உண்டு. இரு ஓநாய்களுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. ஆட்டின் மேலே 'சூசன்னா' என்றும், ஓநாயின் மேலே 'முதியோர்' என்றும் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது. பெண்ணின் மேனி அங்கே இல்லை. அவளைச் சூழ்ந்த ஆபத்து மட்டுமே உள்ளது.

பன்னிரண்டு நூற்றாண்டுகள் கடந்தபின், வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோ 1555-56 அளவில் தீட்டிய சூசன்னாவை வியன்னா அருங்காட்சியகத்தில் காணலாம். ஒளி முழுவதும் அவளுடைய மேனிமீது பொழிகிறது. அருகே முத்துமாலையும் சீப்பும், எதிரே கண்ணாடி. புதர்வேலியின் இரு முனைகளிலும் முதியோர் பதுங்கியிருப்பதை அறியாது, தன் உருவில் ஆழ்ந்திருக்கிறாள். வண்ணத் திறனில் ஒப்பற்ற படைப்பே. ஆயினும் அதன்முன் நின்று இரசிப்பவர், தம்மை அறியாமலே மூன்றாம் முதியவராகி விடுகிறார்.

1593-இல் உரோமையில் பிறந்த அர்த்தெமீசியா ஜெந்திலெஸ்கி, 1610-இல் இதே காட்சியைத் தீட்டினார். தோட்டமில்லை, கண்ணாடியில்லை; குளிர்ந்த கல்லிருக்கை மட்டுமே. முதியோர் சுவரின்மேல் கவிந்து நெருங்குகின்றனர். ஒருவர் வாய்மீது விரல் வைத்து 'பேசாதே' என மிரட்டுகிறார். சூசன்னா முகத்தைத் திருப்பி, கைகளை உயர்த்தி அவர்களைத் தடுக்கிறாள். வேதனையால் சுளித்த அம்முகத்தைக் கண்டு இன்புற எவராலும் இயலாது.

மறு ஆண்டே அவர் வாழ்வில் கொடுமை நிகழ்ந்தது. தந்தையோடு பணிபுரிந்த ஓவியர் அகொஸ்தீனோ தாசி அவரைக் கெடுத்தார். 1612-இல் நடந்த வழக்கில், அவர் கூறுவது மெய்யா எனச் சோதிக்க, ஓவியம் தீட்டிய அவ்விரல்களையே கயிற்றால் இறுக்கினர். அவரோ சொன்ன சொல் மாறவில்லை. தாசி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தண்டனையோ பெயரளவிலேயே நின்றது.

ஆண்டுதோறும் மறையுரையில் சூசன்னாவின் கற்பைப் புகழ்ந்த நான், முதியோரின் பாவத்தைப் பற்றிப் பேசியது குறைவே. அவர்கள் மக்களின் மூப்பர்கள், நீதிபதிகள். அதனாலன்றோ சபை அவர்களை நம்பி, சூசன்னாவுக்குச் சாவுத் தீர்ப்பிட்டது! இன்றும் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் ஒரு பெண் தனக்கு நேர்ந்த தீங்கைக் கூறுகையில், நாம் முதலில் யாரை விசாரிக்கிறோம்? தானியேல் முதியோரைப் பிரித்து நிறுத்தி அவர்களிடமே கேள்வி கேட்டார். நாமோ இன்னும் கயிற்றைத்தான் கையில் எடுக்கிறோமா?