பிவா ஏரியைச் சுற்றும் பாதை: ஒரு கரை உருவான வரலாறு

ஜப்பானின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான பிவா, ஷிகா மாகாணத்தின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை நிறைத்துக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 84 மீட்டர் உயரத்தில், 670 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. இந்த ஏரியை மிதிவண்டியில் ஒரு முறை முழுவதுமாகச் சுற்றி வருவதை அந்நாட்டார் 'பிவாயிச்சி' என்கின்றனர். ஏறத்தாழ 193 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்றுப்பாதை, ஜப்பான் அரசு 2019 நவம்பரில் முதன்முதலாக அறிவித்த மூன்று தேசிய மிதிவண்டித் தடங்களுள் ஒன்றாகும். கோயிலை வலம்வரும் முறைக்கு நேரெதிராக, ஏரியை இடப்புறம் வைத்தே இங்கே சுற்றுகின்றனர். ஜப்பானிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், அவ்வாறு செல்பவருக்கும் நீருக்கும் இடையே வேறு வண்டிகள் குறுக்கிடுவதில்லை.

இன்று இயல்பானதாகத் தோன்றும் இந்தச் சுற்றுப்பாதையைத் தொன்மையானது என்று கருதிவிட இயலாது. பல நூற்றாண்டுகள் பிவாவைச் சுற்றிச் செல்லும் தேவை பெரும்பாலோர்க்கு எழவில்லை. ஏரியே அவர்களுக்குச் சாலையாக இருந்தது. மேலும், பாதை அமைப்பதற்கு ஏற்றவாறு நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கரையும் கிழக்கிலும் தெற்கிலும் பெரும்பகுதியில் இருந்ததில்லை.

வடக்கே ஜப்பான் கடலோரத் துறைமுகங்களான சுருகாவிலும் ஓபாமாவிலும் இறங்கிய அரிசியும் உலர்ந்த மீனும் கடற்பாசியும், குதிரைகளின் முதுகில் மலைகளைக் கடந்து, ஏரியின் வடகரைத் துறைகளான ஷியோட்சு, கைசு, இமாசு ஆகியவற்றை அடைந்து, அங்கிருந்து படகேறித் தென்கோடியிலுள்ள ஓட்சுவுக்குச் சென்றன. ஓட்சுவிலிருந்து ஒரு மலையைத் தாண்டினால் அன்றைய தலைநகரான கியோட்டோ. இச்சரக்கை ஏற்றிச் சென்றது 'மாருகோ-புனே' எனப்பட்ட பாய்மரப் படகு. நெடுகப் பிளந்த அடிமரத்தின் இரு பாதிகளை இரு விலாவிலும் பொருத்திக் கட்டப்பட்ட இப்படகு, ஆழம் குறைந்த துறைகளிலும் தரைதட்டாமல் ஒதுங்கக்கூடியது. பயணிகளும் இவ்வாறே நீர்வழியை நம்பியிருந்தனர். மேற்கு ஜப்பானின் முப்பத்து மூன்று கோயில் யாத்திரைத் தலங்களுள் ஒன்றான, ஏரிக்குள் இருக்கும் சிக்குபு தீவுக்கு யாத்திரிகர் ஏரியைக் கடந்தே சென்றனர். அத்தீவில் வழிபடப்படும் பென்சைதென், பௌத்தத்தோடு சீனம் வழியாக அந்நாட்டை அடைந்த நம் சரஸ்வதியே; அவள் கையில் வீணைக்குப் பதிலாகப் பிவா என்னும் நரம்புக்கருவி இருக்கும்.

சுற்றுவழியைத் தேர்ந்தோர் சிலர் இருந்தனர். அவர்களைத் தூண்டியது காற்றைப் பற்றிய அச்சம். கிழக்குக் கரையின் யபாசே துறையிலிருந்து ஓட்சுவுக்குப் படகில் சென்றால் தொலைவு குறைவு; ஆனால் மேற்கே ஹிரா மலைத்தொடரிலிருந்து திடீரென இறங்கும் காற்று படகைக் கவிழ்த்துவிடும். தெற்கே நெடுந்தொலைவு சுற்றிச் சென்று செட்டா பாலத்தைக் கடப்பவர் தாமதமாகவேனும் உறுதியாக ஊர் சேர்வார். அவசரமென்றால் சுற்றிப் போ என்று பொருள்படும் ஜப்பானியப் பழமொழி, இவ்விரு வழிகளைக் குறித்த பழம்பாடல் ஒன்றிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. ஏரியிலிருந்து இயற்கையாக வெளியேறும் ஒரே ஆறான செட்டாவின் மீது அமைந்த அப்பாலத்தின் வழியாகவே இன்றைய முழுச்சுற்றுத் தடமும் தென்முனையில் திரும்புகிறது.

படகுத்தொழிலின் முதல் சரிவு, வடபுலச் சரக்கை ஜப்பானின் முதன்மைத் தீவின் மேற்கு முனையைச் சுற்றி நேரே ஒசாகாவுக்குக் கொண்டுசெல்லும் கடல்வழியைக் கவாமுரா சுய்கென் என்னும் வணிகர் 1672இல் ஒழுங்குபடுத்தியபோது தொடங்கியது. இரண்டாவது சரிவுக்கு ரயில் காரணம். 1882இல் சுருகா பக்கமிருந்து வந்த இருப்புப்பாதை ஏரியின் வடகிழக்குக் கரையிலுள்ள நாகஹாமாவில் முடிந்தது. தெற்கே ஓட்சுவில் மற்றொரு பாதை முடிந்தது. இடைவெளியை நீராவிக் கப்பல்கள் இணைத்தன. 1889இல் கிழக்குக் கரையோரமாக ரயில்பாதை முழுமை பெற்றதும் அந்த இணைப்புக் கப்பலின் காலம் முடிந்தது. நாகஹாமாவின் அன்றைய நிலையக் கட்டடம், நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ரயில்நிலையக் கட்டடமாக இன்றும் நிற்கிறது. மேற்குக் கரையில் 1921 முதல் ஓடிய கோஜாகு ரயில் 1969இல் நிறுத்தப்பட்டு, 1974இல் உயரமான பாலத்தூண்களின் மீது கோசெய் இருப்புப்பாதை திறக்கப்பட்டது.

சரக்குப் படகுகள் மறைந்துவந்த அந்தக் காலத்திலேயே, எந்தச் சரக்கும் வேலையும் இல்லாமல் சுற்றுவதற்காகவே ஏரியைச் சுற்றும் வழக்கம் தோன்றியதும், அது நிலத்தில் அல்லாமல் நீரில் தோன்றியதும் குறிப்பிடத்தக்கவை. கியோட்டோவின் மூன்றாம் உயர்நிலைப் பள்ளியின் துடுப்புப் படகுக் குழுவினர் பல நாட்கள் துடுப்பு வலித்து, இரவில் கரையூர்களில் தங்கி, ஏரியைச் சுற்றி வந்தனர். அவர்களுள் ஒருவரும், சுவா என்னும் வேறோர் ஏரியின் கரையில் பிறந்து வளர்ந்தவருமான ஓகுச்சி தாரோ 1917இல் எழுதிய ஏரிச்சுற்றுப் பாடல் நாடெங்கும் பரவியது. சுற்றுப்பயணம் என்ற எண்ணமே ஷிகா மக்களிடம் இப்பாடலால் வேரூன்றியது என்று கூறினால் மிகையாகாது. ஆயினும் ஹிரா மலைக்காற்று தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை: 1941 ஏப்ரலில் கானாசாவா நகரின் நான்காம் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த படகு அக்காற்றில் மூழ்கிப் பதினோரு இளைஞர் உயிரிழந்தனர்.

நிலத்தில் சுற்றும் பாதை எப்படி உண்டாயிற்று என்பதை அறிய, நீர்மட்டத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகள் பிவாவில் வந்து விழ, வெளியேற வழி ஒன்றே ஒன்றுதான். ஆகவே பெருமழைக் காலத்தில் ஏரி பெருகிக் கரையோர வயல்களின் மீது ஏறிவிடும். 1896 செப்டம்பரில் நீர்மட்டம் வழக்கத்தைவிட 3.76 மீட்டர் உயர்ந்து, தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் 237 நாட்கள் வடியாமல் நின்றது. அறுவடை, விதைப்பு என ஓர் ஆண்டின் வேளாண்மைச் சுழற்சி முழுவதையும் தண்ணீருக்கு அடியில் இழந்த உழவர்களின் நிலையை எண்ணிப்பார்த்தால், அதன்பின் எழுந்த கட்டுமான வேகத்தைக் குறைகூற மனம் வராது. 1905இல் செட்டா ஆற்றின் குறுக்கே, நீர் வெளியேறும் அளவை ஏற்றவும் இறக்கவும் உதவும் கலிங்கு கட்டப்பட்டது. 1946 தொடங்கி, ஏரியின் ஓரத்தில் அதனோடு கால்வாயால் இணைந்திருந்த 'நைகோ' என்னும் ஆழங்குறைந்த துணை ஏரிகளுள் மிகப் பெரியது வடிக்கப்பட்டு நெல்வயலாயிற்று. இறுதியாக, 1972 முதல் 1997 வரை நடந்த பிவா ஏரி ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் கீழ், ஒசாகா, கோபே போன்ற கீழ்ப்புற நகரங்களுக்குக் கூடுதல் நீர் வழங்கவும் வெள்ளத்தைத் தடுக்கவும், ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குக் கரைமேடு எழுப்பப்பட்டு, அதனுடன் சேர்த்து ஏரிக்கரைச் சாலையும் அமைக்கப்பட்டது.

தெற்கிலும் கிழக்கிலும் மிதிவண்டிக்காரர் ஏற்ற இறக்கமின்றி நீரைப் பார்த்தபடியே செல்லும் சமதளப் பாதையில் கணிசமான பகுதி இக்கரைமேட்டின் கொடை. ஆனால் அதே கரைமேடு, ஏரிக்கும் வயலுக்கும் இடையே இருந்த ஈரநிலத்தை இரண்டாக அறுத்தது என்பதையும் வரலாறு பதிந்துவைக்க வேண்டும். வசந்தகால மழையில் நாணற்காட்டுக்குள்ளும் அங்கிருந்து நீர் ததும்பும் வயல்களுக்குள்ளும் நீந்திச் சென்று முட்டையிடும் 'நிகோரோபுனா' என்ற கெண்டையின மீனுக்கு வழி அடைபட்டது. இம்மீனை உப்பிலும் பின்னர் சோற்றிலும் பல மாதங்கள் புளிக்கவைத்துச் செய்யும் 'புனாசுஷி' அவ்வட்டாரத்தின் மிகப் பழைய உணவுகளுள் ஒன்று. மீன் அருகியதால் அது எளியோர் வீட்டுப் பண்டம் என்ற நிலையிலிருந்து விலையுயர்ந்த அரும்பொருளாயிற்று. 1950களுக்கும் 1990களுக்கும் இடையே ஏரியோர நாணற்பரப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிய பின்னரே, 1992இல் நாணலைக் காக்கும் மாகாணச் சட்டம் வந்தது. அதன் பிறகு, மீன்கள் மீண்டும் வயலேறுவதற்காக வடிகால்களில் படிக்கட்டுபோன்ற தடுப்புகளை அமைக்கும் முயற்சியை உழவர்கள் மேற்கொண்டனர்.

மிதிவண்டிப் பயணத்துக்கு உதவிய மற்றொரு கட்டுமானம், ஏரியின் இடுப்புப் பகுதியில் 1964இல் திறக்கப்பட்ட பிவா பெரும்பாலம். இதைக் கடந்து திரும்பினால் வடக்கு ஏரியை மட்டும் சுமார் 150 கிலோமீட்டரில் சுற்றிவிடலாம். பெருவாரியான பயணிகள் வந்த பிறகுதான் அரசு அதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்தது. சாலையோரம் நீல நிற அம்புக்குறிகள் தீட்டப்பட்டன. 2022இல் பிவாயிச்சிக்கென்றே மாகாணச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது.

வடகரையில் மலை நேரே நீரில் இறங்குவதால் அங்கே பாதையின் தன்மையே வேறு. பழைய துறையூரான கைசுவில், அலைகள் வீடுகளைச் சிதைத்ததைத் தொடர்ந்து 1703இல் அடுக்கப்பட்ட கற்சுவர் இன்றும் வீடுகளின் பின்புறத்தைத் தாங்கி நிற்கிறது. சாந்து பூசாது கல்லின்மேல் கல்லாக அடுக்கிய அச்சுவரின் இடைவெளிகளில் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. ஏரிக்குக் கரை கட்டும் வேலையை ஓர் ஊர் தன் அளவில், நீரோடு உறவை முறிக்காமல் செய்த விதம் இது. கைசுவை அடுத்த ஓசாக்கி முனையில் செர்ரி மரங்கள் நான்கு கிலோமீட்டருக்கு நீரின் மீது கவிந்திருக்கின்றன. அவற்றின் தொடக்கம், அச்சாலையைப் பராமரித்துவந்த தொழிலாளி ஒருவர் 1931இல் தம் சொந்தச் செலவில் நட்ட கன்றுகள். 1936இல் அங்கே சுரங்கவழி திறக்கப்பட்டதை ஒட்டி ஊரார் அவ்வரிசையை நீட்டினர். ஏப்ரலில் பூக்கள் மலரும் அந்தச் சில நாட்களில் கார்களின் நெரிசலால் மிதிவண்டிகளும் அங்கே ஊர்ந்தே செல்கின்றன.

மேற்குக் கரையில், நீருக்குள் வாயில்தூண் நிற்கும் ஷிரஹிகே ஆலயத்தின் முன்னே, மலைக்கும் ஏரிக்கும் இடையே எஞ்சியுள்ள ஒடுங்கிய நிலத்தை 161ஆம் எண் தேசியச் சாலை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. சரக்கு லாரிகளும் கார்களும் அங்கே மிதிவண்டியை ஒட்டி உரசிச் செல்கின்றன. முழுச்சுற்றிலும் மிகக் கடினமான பகுதி இதுவே. கிழக்கே செய்ததுபோல இங்கே கரையை ஏரிக்குள் தள்ளிச் சாலையை அகலப்படுத்த இடமில்லை. மலையைக் குடைந்து போக்குவரத்தைத் திருப்புவது ஒன்றே அந்தக் கரையைச் சிதைக்காத வழி.