ஊசியும் உப்பும்: முடி நீக்கத்தின் கதை

ஹட்டன் டவுனில் பார்லருக்குப் போய் நூல் போட்டுக்கொண்டு வரும் அக்காமாருக்குத் தெரியும், தாடை முடி சில கிழமையில் திரும்ப முளைச்சிடும். கேலியும் கூடவே வரும். வேரையே அழிக்கிற வழி ஒன்று 150 வருசமா இருக்கு. ஆனால் அது அழகுக்காகத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் வைத்தியர் சார்ள்ஸ் மிஷெல், உள்ளே வளைந்து கண்ணை உரசும் இமை முடிகளை மின்னூசியால் அழித்து, அதை 1875இல் எழுதி வெளியிட்டார்.

விஷயம் நாம ஓ/எல்லில் படிச்ச மின்பகுப்புதான். முடிக்குழிக்குள் இருக்கும் உப்புநீரில் நேரோட்ட மின் பாய்ந்தால் சோடியம் ஐதரொட்சைட்டு உண்டாகும். அந்தக் காரம் வேரைச் சிதைக்கும். ஒவ்வொரு முடியாக, மாசக்கணக்கில்.

பொறுக்க முடியாதவர்களுக்கு 1920களில் முகத்தில் எக்ஸ்ரே அடித்தார்கள். முடி உதிர்ந்தது, பிறகு பலருக்குப் புற்றுநோய் வந்தது.

அதனால வீட்டு மெஷின் வாங்கும்போது "ஊசியே வேண்டாம், ஒரே தடவை" என்ற விளம்பரத்தை நம்பாதீங்க. மெல்லிய ஊசியும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கணும். முதலில் காலில் பழகுங்க. ஊசி குத்தக் கூடாது, குழிக்குள் வழுக்கிப் போகணும். முடி இழுபடாமல் கழன்று வந்தால் சரி. மச்சத்தைத் தொடாதீங்க, ஊசியை யாருக்கும் கொடுக்காதீங்க. முடி திடீரென்று கூடினால் முதலில் டொக்டரிடம் போங்க.

லக்சபான 1950இல் மின்சாரம் தரத் தொடங்கியும், அதன் பக்கத்து லயங்கள் பல வருசம் குப்பி லாம்பிலேயே இருந்தன. இந்த மெஷின்களில் சிலதுக்கு 9 வோல்ட் பற்றரி போதும். பொறுமைதான் நிறைய வேணும்.