கூடாரம் வரை வந்துசேர 45 வருடம்

கேம்ப்பிங் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? காட்டுக்குள் ஒரு கூடாரம், முன்னால் எரியும் நெருப்பு, தலைக்கு மேல் நட்சத்திரம். சக்கர நாற்காலியில் வருகிறவர் அந்தக் கூடாரம் வரை எப்படிப் போவார் என்று நான் யோசித்ததே இல்லை, 2020-ல் வந்த "கிரிப் கேம்ப்" ஆவணப்படத்தைப் பார்க்கும் வரைக்கும். அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை ஒரு முகாமில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1951-ல் தொடங்கியது கேம்ப் ஜெனட். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கோடைக்கால முகாம். வீட்டில் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைகள் அங்கே பந்து விளையாடினார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள்! குறை நம் உடம்பில் இல்லை, வெளியே இருக்கிற படிக்கட்டில்தான் இருக்கிறது என்று பலருக்கும் அங்கே புரிந்தது. பணப் பற்றாக்குறையால் 1977-ல் முகாமை மூடிவிட்டார்கள்.

அங்கே போன பிள்ளைகளில் ஒருவர் ஜூடி ஹியூமன். குழந்தையிலேயே போலியோ. தீப்பிடித்தால் இவருடைய நாற்காலி ஆபத்து என்று சொல்லி, 5 வயதில் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அரசுப் பணம் வாங்கும் எந்தத் திட்டமும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1973-ல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் நாலு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5-ம் தேதி ஹியூமனும் ஜெனட் நண்பர்கள் சிலரும் சேர்ந்து சுமார் 150 பேர் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28-ம் தேதி கையெழுத்து விழுந்தது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு பூங்காக்களில் கூடாரம் போட வழி பிறந்ததா? அங்கேதான் வேடிக்கை.

மத்திய அரசுப் பணத்தில் கட்டும் கட்டிடங்களில் எல்லோரும் நுழைய வசதி வேண்டும் என்ற சட்டம் 1968-லேயே இருந்தது. பூங்காவின் அலுவலகம், கழிப்பறை எல்லாம் அதில் அடங்கும். கூடாரம் போடும் மண்தரை? அதற்கு எந்த அளவும் வகுக்கப்படவில்லை. 1980-ல் "கோல்டன் ஆக்சஸ்" என்ற பாஸ் வந்தது (2007 முதல் "ஆக்சஸ் பாஸ்"). நிரந்தர ஊனம் உள்ளவர்களுக்கு நுழைவு இலவசம், கேம்ப்பிங் கட்டணம் பாதி. காமர்ஸ் மாணவனாக எனக்கு இது உறுத்துகிறது. தள்ளுபடி என்பது கணக்கில் ஒரு வரி. பாதை போடுவதற்கு மண் வெட்ட வேண்டும். அதனால் தள்ளுபடி முதலில் வந்துவிட்டது.

1997-ல் அமெரிக்க அணுகல் வாரியம் ஒரு குழு அமைத்தது. குழு 1999-ல் அறிக்கை கொடுத்தது. இறுதி விதி வந்ததோ 2013 செப்டம்பரில்! அதில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன அளவுகள்தான். நெருப்பு மூட்டும் தளம் தரையிலிருந்து குறைந்தது 9 அங்குல உயரம். உட்கார்ந்தபடியே விறகு வைக்கலாம். கூடாரத் தளத்தைச் சுற்றி 48 அங்குலம் காலி இடம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நாற்காலியோடு முழங்கால் நுழைய இடம். 100 கூடார இடங்கள் உள்ள முகாமில் குறைந்தது 5 இடம் இப்படி இருக்க வேண்டும்.

இதுவும் மத்திய அரசு நிலத்துக்கு மட்டும்தான், புதிதாகக் கட்டும்போதும் மாற்றிக் கட்டும்போதும்தான். மாநில, நகரப் பூங்காக்களை இந்த விதி கட்டுப்படுத்தாது.

1968-லிருந்து 2013 வரை, 45 வருடம். உரிமை கேட்கும் தைரியத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது ஒரு முகாம். அந்த உரிமை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றும் முகாம்தான். "கேம்ப்பிங் எல்லாம் அவசியமா? பொழுதுபோக்குதானே" என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஜெனட்டில் நடந்ததும் பொழுதுபோக்குதான். அந்தப் பொழுதுபோக்கு இல்லாவிட்டால் 1977-ல் அந்தக் கட்டிடத்துக்குள் போய் உட்கார எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

ஹியூமன் 2023 மார்ச்சில் காலமானார். இனி எங்காவது கேம்ப் ஃபயர் படம் பார்த்தால், அந்த 9 அங்குலம் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும்.